என்னை நீதிபதியாக்கிவிட்ட கொழுந்தனாருக்கு

ஹாஸல்ரோடா,
டிசம்பர் 3

அன்புள்ள கொழுந்தனார் ஃபோல்க்மாருக்கு, அண்ணி இர்ம்கார்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அண்ணனும் நலம். அங்கே நீங்களும் உங்கள் நகராட்சி அலுவலகமும் நலமாக இருந்தால், நீதிபதியோடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் நீதிபதிப் பட்டியலில் என்னைக் கேட்காமல் சேர்த்த என் பெயரை இன்றே அடித்துவிடவும்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கிடந்தவளுக்குச் சட்டம் என்ன தெரியும்? முதல் நாளே பனியில் வழுக்கி, நேரமாகி, ஓடிப்போய்க் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "அது திருடனுக்குப் போட்ட சேரும்மா" என்றான் காவலாளி. பிறகு மேடையில் நீதிபதி அம்மாளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என்னைப் போலவே மாட்டிக்கொண்ட பஸ் டிரைவர் கோட்லோப். சத்தியம் செய்யக் கையைத் தூக்கினேன். கைப்பை கவிழ்ந்து வெள்ளரிக்காய் ஊறுகாய் சட்டப் புத்தகத்தின் மேல் கொட்டிவிட்டது.

வழக்கு இதுதான்: கூரை வேலை செய்யும் டோர்ஸ்டன், ஏற்கெனவே இரண்டு தடவை சிறைக்குப் போனவன், ஒரு வீட்டுப் பூட்டை உடைத்து வெள்ளிச் சாமான்களை எடுத்தானாம். அவன் மனைவி கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு எடெல்ட்ராட்தான் சாட்சி. "சாயங்காலம் அஞ்சு மணி. சமையக்கட்டு சன்னல் வழியா நல்லாப் பாத்தேன். இவனேதான்!" என்றாள். நாங்களும் கேள்வி கேட்கலாமாம். என் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப அடுப்புல என்ன இருந்திச்சு?"

"உருளைக்கிழங்கு உருண்டை. இருபது. பெரிய பானைத் தண்ணியில வெந்துட்டிருந்திச்சு."

"மூடி?"

"உருண்டைக்கு யாராவது மூடி போடுவாங்களா?"

"அப்ப சன்னல் பூரா ஆவி படிஞ்சிருக்குமே, எப்படிப் பாத்தீங்க?"

எடெல்ட்ராட் காற்றிலேயே சன்னலைத் துடைத்துக் காட்டினாள். "தொடச்சேன்... தொடச்சதும் திரும்ப மூடிக்கிச்சு. யாரோ தொப்பி போட்டவன் ஓடினான். டோர்ஸ்டனை விட்டா வேற யாருன்னு நெனச்சேன்."

தீர்ப்பை முடிவுசெய்ய உள்ளறையில் நாங்கள் மூவரும் பேசியதை வெளியே சொல்லக்கூடாது, சொல்ல மாட்டேன். பத்து நிமிஷ வேலை என்று போனோம், இரண்டு மணி நேரம் கழித்து வந்தோம். நீதிபதி அம்மாளின் முகம் சிவந்திருந்தது, கோட்லோப் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. தீர்ப்பு விடுதலை! டோர்ஸ்டன் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான், மனைவிதான் நிமிர்த்தினாள்.

மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை. ஒருவேளை அவன்தான் எடுத்திருந்தால்? எடுக்காதவனை நாங்கள் உள்ளே தள்ளியிருந்தால்? இந்த வயதில் எனக்கு இது வேண்டாம். பெயரை அடித்துப் புண்ணியம் கட்டிக்கொள்ளவும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் ஏணியைத் திருப்பித் தருவதாக அண்ணன் சொல்கிறார், நம்ப வேண்டாம்.

அண்ணி இர்ம்கார்ட்

பின்குறிப்பு: இப்போதுதான் தபால் வந்தது. செவ்வாய்க்கிழமை அடுத்த வழக்கு, தேனீப் பெட்டி திருடிய கும்பலாம், ஒன்பது சாட்சிகள். என் பெயரை அடித்திருந்தால் உடனே மறுபடி எழுதிவிடவும். கோட்லோபுக்குப் போன் போட்டுக் கேட்டுப் பார்த்தேன், தேனீயைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாதாம்.