பழுது பார்க்கப்படுகிறது

“செட்டிங்ஸ்ல ஒண்ணையும் காணோம்” என்றார் லிஃப்ட்டுக்காரர், கம்ப்யூட்டர் திரைக்குள் மூக்கை நுழைக்காத குறையாக.

“நல்லாப் பாருங்க” என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

“இருபது படம் இருந்த இடத்துல ஒண்ணே ஒண்ணு இருக்கு. கடிகாரம்.”

“அப்ப மணியாவது பார்த்துக்கலாம். மணி என்ன?”

“பதினொண்ணு.”

ஐந்து மணிக்கு மகள் முகம் பார்த்துப் பேசக் கூப்பிடுவாள். கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை. சத்தத்தைச் சரிசெய்யச் செட்டிங்ஸ் வேண்டும். அதைத்தான் காணோம்.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கத் தொடங்கினார். பசிக்கிறதா என்றால் “என்னமோ” என்பார். தூக்கம் வருகிறதா என்றாலும் அதே “என்னமோ”தான். இப்போதுதான் கொஞ்ச நாளாக எழுந்து நடமாடுகிறார்.

“கடைக்காரரைக் கூப்பிடவா?” என்று மனைவி கேட்டாள்.

“வேணாம். இதுகூட முடியலைன்னா நான் எதுக்குத்தான் லாயக்கு?” என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியை ஒருமுறை பார்த்தார். அவளும் பார்த்தாள். அதன்பிறகு கடைக்காரர் பேச்சு எழவில்லை.

தொழில் முறைப்படி, ‘பழுது பார்க்கப்படுகிறது, பயன்படுத்தாதீர்கள்’ என்ற பழைய பலகையைத் திரையின் கழுத்தில் மாட்டினார். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கினார். மின்விசிறி நின்றது, பாதித் துணியோடு வாஷிங் மெஷினும் நின்றது.

“அதுக்கு மட்டும் நிறுத்தக் கூடாதா?”

“லிஃப்ட்ல கோளாறுன்னா நாங்க பல்பை மட்டுமா அணைப்போம்?”

மறுபடி மின்சாரம் கொடுத்ததும் வாஷிங் மெஷின் வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் அதே கடிகாரம்.

அடுத்து, மேல் அம்பு, கீழ் அம்பு, பக்கத்திலிருந்த இன்னும் இரண்டு பொத்தான்கள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தினார். திரையில் இருந்ததெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. அவர் அசரவில்லை. திரையையே தூக்கிப் பக்கவாட்டில் படுக்கவைத்து, விழாமல் இருக்க ஒரு அகராதியை முட்டுக் கொடுத்தார்.

“நேராயிடுச்சு பாரு” என்றார்.

மூன்று மணிக்கு மாடி வீட்டுக் கணக்கு டீச்சர் இறங்கி வந்தார்.

“நான் கைவைக்க மாட்டேண்ணா. போன்ல பார்த்துப் படிச்சு வேணா சொல்றேன். செட்டிங்ஸ் மொத்தமும் அழிஞ்சிருக்காம். கறுப்பு ஜன்னல்னு ஒண்ணு இருக்கும், அதுல ஒரே ஒரு வரி அடிச்சா எல்லாம் திரும்ப வந்துடுமாம்.”

டீச்சர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் ஒற்றை விரலால் குத்தினார். கடைசியில் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது. அவர் அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

“கீபோர்டு செத்துப்போச்சு” என்றார்.

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு போனுக்குள் முகத்தைப் புதைத்தார்.

லிஃப்ட்டுக்காரர் கருவிப் பெட்டியைக் குடைந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பெட்டியிலிருந்த பழைய மசி நெற்றியில் அப்பிக்கொண்டது. கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கிண்ணத்தில் போட்டார்: பதினொன்று. பொத்தான்களை எல்லாம் பிடுங்கித் துடைத்துத் திரும்பப் பொருத்தினார். திருகுகளை எண்ணியவர் எழுத்துகளின் வரிசையைக் குறித்துவைக்கவில்லை.

“என்னங்க, ‘ஏ’ இருந்த இடத்துல ‘பி’ இருக்கு?” என்று எட்டிப்பார்த்தாள் மனைவி.

“எல்லாம் இருக்குல்ல? ஒண்ணும் குறையலையே?” என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது. மெதுவாக எழுந்து ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கீபோர்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். இருபது வருடம் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள்; பொத்தான்களைப் பார்த்து அடிக்கும் வழக்கமே கிடையாது.

“அங்க எங்க போறீங்க? வந்து சொல்லுங்க, அடிக்கிறேன்.”

அவர் திரும்பி வந்தார். பாஸ்வேர்டைச் சொன்னார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே படபடவென்று அடித்தாள். இப்போதும் புள்ளி விழவில்லை; அந்த ஜன்னல் பாஸ்வேர்டைக் காட்டவே காட்டாதாம். கறுப்பு ஜன்னலில் வரிவரியாக ஏதோ கொட்டியது. நின்றது. செட்டிங்ஸைத் திறந்தால் சத்தம், திரை, இன்டர்நெட் என்று இருபது படங்களும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. முதலில் சத்தத்தைக் கூட்டினார். பிறகு படத்தை நிமிர்த்தி, அகராதியை உருவித் திரையையும் நிமிர்த்தினார்.

ஐந்து மணிக்கு மகள் திரையில் வந்தாள். “அப்பா, கேக்குதா?”

“தெருவுக்கே கேக்குது.”

“நெத்தியில என்னப்பா, மசியா?”

“வேலை இருந்துச்சும்மா” என்று தோள் குலுங்கச் சிரித்தார். கருவிப் பெட்டியைத் திறந்து மகளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். “இன்னொரு வாய் சோறு இருக்கா? பசிக்குது” என்று நடுவில் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அடுக்களையில் மனைவி தட்டை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கூடவே உள்ளே வந்திருந்த டீச்சர் அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்:

“அடுத்த வாரம் எதைக்கா அழிக்கட்டும்?”