தாலிக்கு முன் ஒரு கையெழுத்து

எமனே நேரில் வந்து கூப்பிட்டிருந்தாலும், "உரிய வழியாக வந்தீரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார் எங்கள் ரூல் நைனா. ஆவடிப் பக்கத்து நகராட்சி ஒன்றில் பணியாளர் பிரிவுக்கு அவர் சூப்பிரண்டு. நான் அவருக்குக் கீழே இளநிலை உதவியாளர். எண்பதுகளின் கடைசி. அப்பாவை நைனா என்று கூப்பிடும் நகராட்சி லாரி டிரைவர்கள் கிண்டலாக வைத்த அந்தப் பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

அவரிடம் லீவு வாங்குவதற்குள் நமக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிடும். டிரைவர் ஒருவர் மச்சினன் கல்யாணத்துக்குத் தற்செயல் விடுப்பு கேட்டார்.

"அடுத்த வாரம் கல்யாணம்னு இப்பவே தெரியுதுல்ல? அப்புறம் அது எப்படிய்யா தற்செயல்?"

"அப்ப போய்ட்டு வந்து எய்திக் குடுக்கட்டா சார்?"

"முன் அனுமதி இல்லாம போனா மெமோ."

மெமோ விஷயத்தில் அவருக்கே சலுகை கிடையாது. பூந்தமல்லியில் பஸ் மக்கர் பண்ணி ஒருநாள் தாமதமாக வந்தவர், தன் பெயருக்குத் தானே மெமோ அடித்து, தானே வாங்கி, பஸ்ஸின்மேல் பழியைப் போட்டு விளக்கம் எழுதி, அதன் கீழே 'விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை' என்று கையெழுத்தும் போட்டார். அன்று முழுக்கத் தன்னோடு தானே பேசாமல் இருந்தார்.

இந்த மனுஷனிடம்தான் செல்வியின் விண்ணப்பம் இருந்தது. அவள் அப்பா எங்கள் குழாய் பிட்டர்; பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலை கிடைத்தால்தான் அம்மாவும் தம்பிகளும் பிழைக்க முடியும். ஆனால் அன்றைய விதிப்படி மணமான மகளுக்கு அந்த வேலை கிடையாது. ஆணைக்குக் காத்திருந்து சலித்துப்போய், வீட்டில் கல்யாணத்தை வைத்துவிட்டார்கள். ஆணை வந்து சேர்ந்தது, கல்யாணத்தன்று காலைத் தபாலில்.

"தாலி கட்டிட்டே வந்து கையெழுத்துப் போடட்டுமே. ஒரு மணி நேரம் முன்னே பின்னே, யாருக்கு சார் தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமேய்யா" என்றவர், என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.

மண்டபம் நாலு தெரு தள்ளி. நல்லவேளை, தாலி இன்னும் ஆசீர்வாதத் தட்டில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ரூல் நைனா மேடையேறிக் கைகளை விரித்து நின்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"யோவ், இன்னா, கண்ணாலத்த நிறுத்த வந்துகீறியா?"

"நிறுத்தலைங்க. அரை மணி நேரம் ஒத்திவைக்கிறேன்."

விஷயம் புரிந்ததும் தாய்மாமனே மேளக்காரரைக் கிளப்பினார். மாலையும் கூறைப்புடவையுமாகச் செல்வி முன்னே வர, நாதஸ்வரத்தோடு மொத்தக் கல்யாணமும் நகராட்சிக்குள் நுழைந்தது. வரி கட்ட வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் கிடைத்தது. செல்வி பணியேற்புக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"டூட்டில சேர்ந்ததும் எங்கேம்மா கிளம்பிட்டே?"

"கண்ணாலம் சார்…" என்று இழுத்தாள்.

ரூல் நைனா கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "தற்செயல் விடுப்புன்னு எழுதிக் குடு. இந்தக் கல்யாணம் ஆபீசுக்கு முன்கூட்டித் தெரியாது."

மறுநாள் அவர் மேஜையில் இன்னொரு மெமோ. அலுவலக நேரத்தில் அனுமதியின்றி வெளியே போனதற்கு, அவருக்கு அவரே கொடுத்தது. விளக்கம் ஒரே வரி: 'பெண் வீட்டார் என்ற முறையில் சென்றேன்.' அதன் கீழே, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, 'விளக்கம் ஏற்கப்பட்டது.'

அதற்குப் பிறகு அவரை நைனா என்று சொல்லும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை.