திண்டிவனம் மல்லாட்டை அல்வா

"உங்க ஊர்ல திங்கதுக்கு என்னவே இருக்கு?" அல்வாவை நீட்டிக்கொண்டே கேட்டார் நெல்லையப்பன்.

விழுப்புரம் ஆபீசில் கோதண்டபாணிக்கு இது புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பால்கோவாவோடு கேட்டிருக்கிறார். மணப்பாறைக்காரர் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். இன்று பொறுக்கவில்லை.

"ஏன் இல்ல? திண்டிவனம் மல்லாட்டை அல்வா! பஸ் ஸ்டாண்டுல பரம்பரைக் கடையே கீது!"

அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது.

மறுநாளே கொண்டுவரச் சொன்னார்கள். மனைவி தையல்நாயகி திட்டிக்கொண்டே வேர்க்கடலையை வறுத்து அரைத்து, வெல்லப்பாகில் கொட்டிக் கிளறிக் கொடுத்தாள். கேவலமாக வந்திருந்தால் அதோடு ஒழிந்திருக்கும். பிரமாதமாக அமைந்து தொலைத்தது. மானேஜருக்கு வாரம் ஒரு தூக்கு என்று ஆயிற்று. அவருடைய சம்பந்தி மெட்ராசிலிருந்து டிரங்க் கால் போட்டு, வளைகாப்புக்கு இரண்டு டின் கேட்டார்.

தையல்நாயகி கரண்டியை வீசினாள். "தோள்பட்ட கழண்டுக்கினு போச்சு. இனிமே இந்த வூட்ல அல்வா பேச்சே எடுக்காதீங்க!"

கோதண்டபாணி மானேஜர் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"கடைக்காரர் தவறிட்டார் சார். கடைய மூடிட்டாங்க."

ஆபீசே எழுந்து நின்று மௌனம் அனுஷ்டித்தது.

திங்கட்கிழமை மானேஜர் ஒரு அட்டைப்பெட்டியை மேசைமேல் தட்டென்று வைத்தார். மேலே சிவப்பு மையில், 'ஒரிஜினல் திண்டிவனம் மல்லாட்டை அல்வா.'

"பஸ் ஸ்டாண்டுல கூட்டம் அலைமோதுது. உயிரோட இருக்கற மனுஷனை ஏன்யா சாகடிச்சே?"

ஒரு துண்டை வாயில் போட்டார் கோதண்டபாணி. அதே ருசி! எவனோ திருடிவிட்டான். உடம்பெல்லாம் பற்றி எரிய, அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினார்.

கடை இருக்கத்தான் இருந்தது. முதலாளி சவுரிராயன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"யோவ், யாரைக் கேட்டு இத விக்கிறே?"

"யாவார நேரத்துல இன்னா சார் பேஜாரு? நாலு தலமொறையா வித்துக்கினு வர்றோம்."

"நாலு தலமொறையா? இந்த அல்வா என் வாயில பொறந்து மூணு மாசங்கூட ஆவல! எவன் உனக்குப் பக்குவம் சொன்னான்? பேரச் சொல்லு. போலீசுக்குப் போறேன்!"

கூட்டம் கூடிவிட்டது. பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அஞ்சம்மாள்தான் எழுந்துவந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"கத்தாதீங்க சார். விழுப்புரத்துலேர்ந்து தையல்நாயகின்னு ஒரு அம்மா சரக்கு போடறாங்க. அவங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா, ஆபீசுக்கு ஓசியில தூக்கிக்கினு பூடுவாராம்!"