மூன்று தடவை வேண்டாம்

ஒன்றும் தெரியாதவனால் வீட்டுக்குக் கெடுதல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் விருந்து நேரத்தில் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த அரைகுறை நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊரான பினாங்கில் பாலத்துக்குக் கடலில் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. என்னை உபகாரச் சம்பளத்தில் கொரியாவுக்குப் பொறியியல் படிக்க அனுப்பியிருந்தார்கள். முதல் வருடம் முழுக்க மொழி வகுப்பு. அதில் தேறினால்தான் பொறியியல். எழுத்துத் தேர்வில் எப்படியோ தப்பித்தேன். பேச்சுத் தேர்வில் நான் வாயைத் திறந்த அழகைப் பார்த்த ஹான் ஆசிரியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு வழி சொன்னார். அவருடைய தம்பி பாலம் கட்டும் வேலையில் பினாங்கில் இருந்தார். குளிர்கால விடுமுறையில் தம்பியைப் பார்க்க வரும்போது எங்கள் வீட்டுக்கும் வருவார். அவருக்கும் என் குடும்பத்துக்கும் நடுவே நான் மொழிபெயர்க்க வேண்டும். அதுதான் மறுதேர்வு. தேறாவிட்டால் இன்னும் ஆறு மாதம் அதே வகுப்பு, அதே பெஞ்சு.

வீட்டில் தேர்வைப் பற்றி மூச்சு விடவில்லை. வாத்தியார் நம் குடும்பத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று மட்டும் சொன்னேன். (கொரிய மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதியவன் வேறென்ன சொல்வான்?)

ஊர் திரும்பிய நாளிலிருந்து பாதிக் கொரியனாகத்தான் நடமாடினேன். பாசாரில் மீன் விற்ற சீனருக்கு இரண்டு கையாலும் காசை நீட்டி, இடுப்பு வளையக் குனிந்தேன். அவர் பயந்துபோய் இன்னொரு மீனைச் சேர்த்துப் போட்டார். அப்பா முன்னால் தண்ணீர் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். (அது மதுவுக்கு மட்டும் உள்ள மரியாதை என்று பிறகுதான் தெரிந்தது.)

"என்னடா, கழுத்து பிடிச்சிக்கிச்சா?" என்றார் அப்பா.

விருந்துக்கு முதல் நாள் அம்மாவையும் தங்கை மீனாவையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன்.

"கொரியாக்காரங்க ஒரு தடவையில சரின்னு சொல்ல மாட்டாங்க. மரியாதைக்கு வேண்டாம்னுவாங்க. மூணு தடவையாவது கேக்கணும். அவரு வேண்டாங்கிறாரேன்னு விட்டுட்டீங்கன்னா, அவருக்கு அவமானம்லா."

அம்மாவுக்கு இதைவிட இனிப்பான பாடத்தை யாரும் எடுத்ததில்லை. வேண்டாம் என்பவர் இலையில் சோறு போட அதுவரை அவர் யாரிடமும் அனுமதி கேட்டதும் இல்லை.

அந்தப் பக்கம் நான் செய்து வைத்திருந்த வேலை இன்னும் மோசம். வகுப்பில் எங்கள் வீட்டு விருந்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். வாழையிலையில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் வீட்டம்மாவின் மனம் உடைந்துபோகும் என்று அதில் அளந்திருந்தேன். போதுமென்றால் இலையை மடித்துவிட வேண்டும் என்பதை எழுதவில்லை. மடிப்பதற்குக் கொரிய வார்த்தை தெரியவில்லை. அந்த வரியையே விட்டுவிட்டேன். ஹான் ஆசிரியர் அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்துத் திருத்தியவர்.

மறுநாள் மதியம் ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். பாயில் சம்மணம் போட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். நான் பெருமையாக எடுத்து வைத்த கொரியக் குச்சிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அப்பா பிசைவதைப் பார்த்துத் தானும் பிசைந்தார். நண்டுக் கறி, கோழிப் பெரட்டல், ரசம், எதற்கும் முகம் சுளிக்கவில்லை. இலையைத் துடைத்து வைத்ததுபோல் சாப்பிட்டு முடித்தார்.

"பாவம், நல்ல பசி போல" என்று அம்மா கரண்டியோடு வந்தார்.

அவர் தன் மொழியில் வேண்டாம் என்றார்.

"இது முதல் தடவை" என்று நான் அறிவித்தேன்.

மறுபடி வேண்டாம் என்றார். மூன்றாவது தடவையும் சொல்லி முடிப்பதற்குள் சோறு விழுந்தது. என் கட்டுரையை மதித்து அதையும் முடித்தார். காலி இலையைப் பார்த்தால் அம்மாவுக்குக் கை நிற்காது. புதுச் சோற்றுக்குப் புதுக் கணக்கு என்று நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

நான்காம் சுற்றில் அவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். அதில் எனக்குப் புரிந்தவை அம்மா, சோறு, சாவு.

"என்னப்பா சொல்றாரு?"

"உங்க சோத்துக்கு உசுரையே குடுக்கலாங்கிறாரு."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு கரண்டி விழுந்தது.

"அண்ணே, அவருக்கு வேர்த்து ஊத்துது" என்றாள் மீனா.

"குளிர் நாட்டுக்காரரு, அப்படித்தான்லா இருக்கும்."

அப்போது அப்பா சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தார். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி வந்தார். ஹான் ஆசிரியர் மடித்த இலையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சட்டென்று தன் இலையை, சோறும் பாதி நண்டும் உள்ளே இருக்க, அப்படியே மடித்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"போதுமா ஐயா?" என்றார் அம்மா.

"போதும்" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போதும், போதும்" என்றார்.

எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. கூடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எழுதாமல் விட்ட வரி, எண்ணிய கணக்கு, சாவுக்கு நான் சொன்ன அர்த்தம் எல்லாம். சாவு என்றது, வயிறு வெடித்துச் சாகப்போகிறேன் என்பதற்காம். தப்பும் தவறுமாகப் பத்து நிமிடம் கொரிய மொழியில் பேசினேன். ஒரு வருடத்தில் நான் அவ்வளவு பேசியதே இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினார். அம்மா ஓமத் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"அண்ணே, இதுக்கும் மூணு தடவையா?" என்று கேட்டாள் மீனா.

புறப்படும் முன் ஆசிரியர் அவளிடம் ஒரு தாளில் ஏதோ எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது என்னவென்று இரண்டு வாரம் கழித்து முடிவுக் கடிதம் வந்தபோது தெரிந்தது. கடிதத்தில் எனக்கு இன்னும் ஆறு மாதம் மொழி வகுப்பு. அடியில், கோணல் மாணலான தமிழ் எழுத்தில், 'போதும்.'

அப்பா கடிதத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். "ஒரு வருசத்துல இவன் கத்துக்காததை வாத்தியாரு ஒரு சாப்பாட்டுல கத்துக்கிட்டாரு" என்றார். பிறகு நான் வாங்கிய பொறியியல் பட்டம் அலமாரியில் கிடக்கிறது. அந்தக் கடிதத்தை அம்மா சட்டம் போட்டு அடுப்படியில் மாட்டிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் மாறிவிட்டது. பாகான் டாலாமுக்குப் பெண் பார்க்கப் போனபோது, இரண்டாவது வடையை நான் மரியாதைக்கு வேண்டாம் என்றேன். "எங்க வீட்டுல ஒரு வேண்டாம் போதும்க்கா" என்று பரிமாறியவரிடம் சொல்லி மீனா தட்டையே நகர்த்திவிட்டாள். கதவோரம் நின்று அதற்குச் சிரித்த பெண்தான் என் மனைவி. சட்டத்தை அவள் இன்றுவரை மீறியதில்லை. தீபாவளிப் பாயசம் வரும்போது பழக்கதோஷத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பாத்திரம் அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. நான் மட்டும் இலையை மடிக்காமல், இரண்டாவது தடவை யாராவது கேட்பார்களா என்று உட்கார்ந்திருக்கிறேன்.