மீசை எடுத்தது மூச்சுக்காக

காவலூர்,
18.2.1989

என்றும் என் வணக்கத்துக்குரிய அண்ணன் கோபால்சாமி அவர்களுக்குத் தம்பி சக்கரவர்த்தி எழுதுவது. இங்கு நானும் சாந்தம்மாளும் சுகம். அங்கு நீங்கள் உயிரோடும் நலத்தோடும் இருப்பதை உங்கள் கார்டிலிருந்து அறிந்து மகிழ்ந்தேன். பின்பக்கம் போதாமல் முகவரிப் பக்கத்திலும் திட்டியிருந்தீர்கள். தபால்காரர் முழுவதையும் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

நான் ஐந்தாம் வகுப்பு எடுத்த காலத்தில் மாதம்மாள் என்றொரு பெண் எழுந்து, "சார், தூங்கும்போது மூச்சு வுடணும்னு யாரு சார் நமக்கு ஞாபகப்படுத்துறது?" என்று கேட்டாள். "அது தானா நடக்கும், உக்காரு" என்றேன். தவறான விடை. என் விஷயத்தில் அது தானாக நடக்கவில்லை. உங்கள் கரும்புத் தோட்டத்தில் தண்ணீர் பாயும் ரப்பர் குழாயை யாராவது மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும் இல்லையா, அப்படித் தூக்கத்தில் என் தொண்டை மடங்கி மூச்சு நின்றுவிடுகிறதாம். பிறகு உடம்பே திடுக்கிட்டு ஒரு பெரிய குறட்டையோடு திறந்துகொள்ளுமாம். இது எனக்குத் தெரியாது, நான்தான் தூங்குகிறேனே. தெரிந்தவள் சாந்தம்மாள். ஒரு வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு நிற்கும்போதெல்லாம் என்னை உலுக்கி உலுக்கி விட்டிருக்கிறாள். நாலு மாதத்துக்கு முன்னால் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் குடத்தோடு தூங்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இப்படியே போனால் எனக்கு முன்னால் அவள் போய்விடுவாள் என்று தோன்றிவிட்டது அண்ணா.

டாக்டரிடம் காட்டியதற்கு, இதற்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது, காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும், ஆனால் இந்த ஊரில் கிடைக்காது என்றார். சிட்னியில் இருக்கும் என் மைத்துனன் பாண்டுரங்கனுக்கு எழுதினேன். அவன், இந்தப் பக்கம் வந்த ஒருவர் கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொடுத்தனுப்பினான். திறந்தால் மாவு மில் மாதிரி சத்தம் போடும் ஒரு மெஷின், யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், மூக்கில் மாட்ட இரண்டு கவசம். மெஷின் ஒரே நாளில் பழகிவிட்டது. கவசம்தான் பழகவில்லை! முதலாவது கெட்டிப் பிளாஸ்டிக். உட்கார்ந்து மாட்டினால் மாப்பிள்ளை மாதிரி பொருந்துகிறது, படுத்தால் கன்னம் சரிந்து முகமே வேறு முகமாகி, காற்று கண்ணுக்குள் அடிக்கிறது. மூக்குத் தண்டில் புண். இரண்டாவது மெத்தென்ற ரப்பர், தொட்டால் இட்லி. ஆகா என்று மாட்டினேன். மீசை பக்கம் காற்று ஒழுகியது. பட்டையை இறுக்கினேன், இன்னும் அதிகமாக ஒழுகியது. பிள்ளைகள் பேனாவை அழுத்திப் பிடித்தால் எழுத்து கோணுமே, அதே கதை.

சாந்தம்மாள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "இன்னாங்க இது, மீசை டான்ஸ் ஆடுது!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு மீசை வேணுமா, மூச்சு வேணுமா? ஒண்ணு சொல்லுங்க, நானாவது தூங்குறேன்" என்றாள். முப்பத்தாறு வருஷத்து மீசை அண்ணா. இன்ஸ்பெக்டர்களே பார்த்துத் தயங்கிய மீசை. மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் மாலை வழித்துவிட்டேன்.

அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள், ஏழு மணி நேரம்! விடிந்ததும் தலை பஞ்சு மாதிரி இருந்தது. அதைவிட ஆச்சரியம், சாந்தம்மாளும் தூங்கினாள். எட்டு மணிக்கும் எழுந்திருக்கவில்லை. நானே டீ போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். புல்கட்டோடு போன பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு என் முகத்தைப் பார்த்தாள், கட்டைக் கீழே போட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே ஓடினாள். அரை மணியில் பன்னிரண்டு பேர் வந்து சத்தமில்லாமல் வாசலில் உட்கார்ந்தார்கள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெற்றவரோ மூத்தவரோ போனால்தான் மீசை எடுப்பது. மீசை எடுத்தவனிடம் யாரும், போனது யார் என்று கேட்கமாட்டார்கள். வந்து உட்காருவதுதான் மரியாதை. நம் அப்பா அம்மா இல்லை என்பது ஊருக்கே தெரியும். மிச்சம் நீங்கள் ஒருவர்தான். கணக்கைச் சரியாகத்தான் போட்டார்கள். நான்தான் மக்கு. மெஷினைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்! ஓய்வுபெற்ற பிறகு எனக்கு இவ்வளவு பெரிய வகுப்பு கிடைத்ததே இல்லை. குழாயை வெளியே எடுத்து வந்து, கவசத்தை மாட்டிக் காட்டி, "இத்தனை நாள் பட்ட கஷ்டம் இன்னியோட தீர்ந்துச்சு, நேத்துதான் நிம்மதியா தூங்கினேன்" என்று ஆரம்பித்தேன்.

"வாத்தியாருக்குத் தாங்கல, பாவம்" என்றார் ஒரு பெரியவர்.

"அக்கா எங்கங்க?" என்றாள் அம்மாக்கண்ணு.

"அவ படுத்தவ எழுந்திருக்கவே இல்ல. யாரும் எழுப்பாதீங்க."

உடனே பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என் பாடத்தைக் கேட்டு இதுவரை யாரும் அழுததில்லை அண்ணா, எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் பெரியவர் எழுந்து, "நாங்க முன்னால போறோம், நீங்க மெதுவா வாங்க" என்றார். "ஆகட்டும், போய்ட்டு வாங்க" என்று சிரித்த முகமாக அனுப்பிவைத்தேன். புளி ஏற்றும் லாரியில் ஏறினார்கள். சந்தைக்குப் போகிறார்கள் என்றல்லவா நினைத்தேன்!

மற்றதை லாரி ஓட்டின தங்கவேல் வந்து சொன்னான். ஆலங்காயத்தில் மாலையும் கோடித் துணியும் வாங்கிக்கொண்டு, சுற்றுப் பாதையில் உங்கள் படவேடு வந்து சேரப் பொழுது சாயும் வேளை ஆகிவிட்டதாம். அம்மாக்கண்ணு இறங்கியதும் அண்ணியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாளாம். ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதால் முதலில் சேர்ந்து அழுவது, பிறகு விசாரிப்பது என்பது வழக்கமாயிற்றே, யாருக்காக என்று தெரியாமலே அண்ணியும் குரல் எடுத்தார்களாம். நீங்கள் தோளில் மண்வெட்டியோடு வந்து கூட்டத்தை விலக்கி, "யாருமா தவறினது?" என்று கேட்டீர்களாம்.

அம்மாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாளாம். "நீங்கதாங்க."

"நானா? எப்போ?"

அண்ணா, நீங்கள் கோபப்பட்டது நியாயம். ஆனால் அத்தனை பேருக்கும் இலை போட்டுச் சாப்பாடு போட்டு அனுப்பினீர்கள் என்று தங்கவேல் சொன்னபோது என் கண் நிறைந்தது. என்மேல் இருக்கிற கோபத்தை மீசைமேல் காட்டுங்கள் என்று சொல்லலாம் என்றால் அதுவும் இப்போது இல்லை. எது எப்படியானாலும் சாந்தம்மாள் ஒன்பது நாளாக விடியும்வரை தூங்குகிறாள். அதற்காக நான் புருவத்தையும் எடுப்பேன். ஆகவே மூச்சுக்கு வேண்டியவன் மீசையை எடுத்தே ஆகவேண்டும், வேறு வழி கிடையாது என்பது என் அனுபவத்தில் கண்ட முடிவு.

அண்ணி ஜெயம்மாள் அவர்களுக்கு என் நமஸ்காரம். வீணாக அழுத அழுகைக்கு நேரில் வந்து காலில் விழுகிறேன். நீங்கள் நூறு வயதைத் தாண்டி இருந்து, ஊரார் வாயை அடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் தம்பி,
சக்கரவர்த்தி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பாண்டுரங்கன் கடிதம் வந்தது. பெட்டிக்கு முன்னால் அனுப்பியதாம், பெட்டிக்குப் பின்னால் வந்திருக்கிறது. "அத்தான் மீசைக்காரர் என்பதால் மூன்றாவதாக ஒன்று தேடி வாங்கினேன், பெட்டியின் அடியில் தெர்மோகோலுக்குக் கீழே இருக்கிறது, மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும், மீசையைத் தொடாது" என்று எழுதியிருக்கிறான். கவிழ்த்துப் பார்த்தேன். இருந்தது. மாட்டிக்கொண்டு படுத்தும் பார்த்துவிட்டேன், மூன்றில் இதுதான் சொர்க்கம்! மேலே எழுதிய முடிவை அடித்துவிடவும். மீசையைத் திரும்ப வளர்க்கிறேன். உங்களுக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்பதாக அண்ணி தங்கவேலிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உங்களையும் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். வாய் வழியாக மூச்சு விடுகிறவருக்கு இந்த மூக்குக் கவசம் உதவாதாம், அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்று மத்தியானம் சாப்பிட்டதும் மல்லாந்து படுத்து, வாயை இறுக மூடி, மூக்கால் மட்டும் இருபது மூச்சு விட்டுப் பாருங்கள்; அண்ணி எண்ணட்டும்.