நாற்பத்தாறு எழுத்து முகவரியைத் தொலைத்தவள்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இந்தக் கடிதத்தை தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். சித்தியிடம் காட்டாதீர்கள், சித்தி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் எல்லோரிடமும் சொல்வார். விடிந்ததும் இங்கே வந்து இதை வாங்கிக்கொண்டு வரும் உங்கள் மகளிடமும் காட்டாதீர்கள். உறையைப் பிரிக்க மாட்டேன் என்று வகுப்பில் வாக்குக் கொடுத்திருக்கிறாள், ஆனாலும் பசை ஈரமாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

இங்கே எல்லோரும் நலமாக இருப்பதுபோல் நடந்துகொள்கிறோம். அங்கே நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருப்பதால் அதைக் கடைசியில் கேட்கிறேன்.

மணி பதினொன்றேகால். அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் ஆபீசில், அதாவது எங்கள் வீட்டு முன்னறையில், உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு காகிதம் கிடைக்காததால் லைசென்ஸ் விண்ணப்பப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் உங்களுக்கு வலிப்பு நோய் உண்டா, மாலைக்கண் உண்டா என்று கேட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அப்பா உங்கள் மேல் போலீசில் புகார் கொடுக்கப் போகிறார். புகாரை எழுதியதே நான்தான். அப்பா சொல்லச் சொல்ல, இன்று சாயங்காலம், இதே பேனாவால் எழுதினேன். ‘என் உடன்பிறந்த தம்பியே’ என்ற இடத்தில் நிறுத்தினார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “எங்க விட்டோம்? ஆங், திருடிட்டான்னு போட்டுக்கோ” என்றார். போட்டேன். ஆனால் எங்கள் வெப்சைட் பெயரை நீங்கள் திருடவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைத் தொலைத்தவள் நான்.

அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். திட்டு வாங்குவதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அதில் முதல் ஆள் அப்பா. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெயரைத் தேடிய நாளில் நீங்களும் இந்த மேசையில் இருந்தீர்கள். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்ததால் பாதி உங்களுக்கு மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். அப்பா முதலில் ‘வெற்றி’ என்று போடச் சொன்னார். போட்டேன். வேறொருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார் என்று வந்தது. அப்பா ஜன்னல் வழியாகத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “யாரு எடுத்தது? இந்தப் பக்கம் வேற டிரைவிங் ஸ்கூலே இல்லையே?” என்றார். “உலகம் முழுக்கப்பா, ஒரு பேரு ஒருத்தருக்குத்தான்” என்றேன். “அதெப்படி? உலகத்துல ஒருத்தனுக்குத்தான் வெற்றியா? மத்தவனெல்லாம் என்ன பண்ணுவான்?” என்று என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் பட்டா போட்டுக் கொடுத்ததுபோல. பிறகு ‘ராஜபாதை’ போட்டோம், அதுவும் போயிருந்தது. அம்மா உள்ளேயிருந்து வந்து என் பெயரைப் போடச் சொன்னாள், அதுவும் போயிருந்தது. இத்தனை பேருக்கு என் பெயர் இருக்கிறதா என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. நீங்கள் ‘ஓட்டு’ என்று மூன்றெழுத்தில் ஒன்று சொன்னீர்கள். சின்னதாக, நன்றாக இருந்தது. அப்பா முறைத்தார். “மரியாதையே இல்லையே. வர்றவங்கள வாங்க போங்கன்னு கூப்பிடற ஸ்கூலுக்கு ‘ஓட்டு’ன்னு பேரா? ஓட்டுங்கன்னாவது போடு” என்றார். ஓட்டுங்கள் என்பதிலிருந்து அது வளர ஆரம்பித்தது. எப்படி ஓட்டுவது? நிதானமாக. நிதானம் மட்டும் போதுமா? பத்திரமாகவும். கடைசியில் ‘நிதானமாகவும் பத்திரமாகவும் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஆங்கில எழுத்தில் நாற்பத்தாறு எழுத்து. அந்தப் பெயர் காலியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னதும் அப்பா கைதட்டினார். “பார்த்தியா, நல்ல பேரு ஒருத்தன் கண்ணுக்கும் படல” என்றார்.

அதை வண்டியில் எழுத வந்த பெயின்டர் இடது கதவில் ஆரம்பித்து, பின்கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு போய், வலது கதவில் முடித்தார். “அண்ணா, இதை முழுசாப் படிக்கணும்னா பின்னாடி வர்றவன் நம்மள ஓவர்டேக் பண்ணணுமே” என்றீர்கள் நீங்கள். “நீங்க போற வேகத்துக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லை” என்று பெயின்டர் சொன்னார். அன்றைக்கு அப்பாகூடச் சிரித்தார் சித்தப்பா. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பெயர் தேடிய நாளில், நீங்கள் வகுப்பு எடுக்கப் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. பணம் கட்டி முடித்ததும் ஒரு கட்டம் வந்தது. இரண்டு வருடம் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, அவர்களே டிக்கும் போட்டு வைத்திருந்தார்கள். தானாக என்ற சொல்லைப் பார்த்ததும் அப்பாவின் முகம் எப்படி ஆகும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆட்டோமேட்டிக் கார் வாங்கலாம் என்று நீங்கள் சொன்ன ஒரே காரணத்துக்குத்தானே அவர் உங்களோடு சண்டை போட்டு, நீங்கள் தெருக்கோடியில் தனி ஸ்கூல் திறந்து, பத்து மாதமாகப் பேச்சே இல்லாமல் இருக்கிறது! “தானா நடக்கிற எதுவும் நமக்கு வேணாம், அந்த டிக்கை எடு” என்றார். “மறந்துட்டா பேரு போயிடும்பா” என்றேன். “மறக்கிறவன் ஸ்டியரிங்கையே தொடக்கூடாது” என்றார். எடுத்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, மாணவர் சொல்வதை ஆசிரியர் கேட்கும் வழக்கம் அந்த ஸ்கூலில் இல்லை. மறக்காமல் இருக்க அவர் என்ன செய்தார் தெரியுமா? புதுப்பிக்க வேண்டிய தேதியைச் சுவர் காலண்டரின் கடைசித் தாளில் சிவப்பு மையால் எழுதி, இரண்டு கோடு போட்டார். அது அந்த வருடத்துக் காலண்டர். வருடம் முடிந்ததும் அம்மா அந்தத் தாளைச் சமையலறை அலமாரியில் விரித்து, மேலே பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டாள். அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக எங்கள் ஸ்கூலின் முக்கியமான தேதி குழம்புச் சட்டிக்கு அடியில் இருந்தது.

வரிசையில் இரண்டாவது ஆள், பெயர் விற்ற கம்பெனி. அவர்கள் ஞாபகப்படுத்தத்தான் செய்தார்கள், ஆனால் யாருக்கு? பதிவு செய்யும்போது மெயில் முகவரி கேட்டார்கள். “எனக்கு மெயில் கியில் எல்லாம் கிடையாது, உன்னோடதைப் போடு” என்றார் அப்பா. என்னுடையது ஒன்பது வயதில் நான் ரகசியமாக ஆரம்பித்தது, அதன் பெயர் பறக்கும்பூனை. ஆக, சட்டப்படி இந்த டிரைவிங் ஸ்கூலின் வெப்சைட் பெயருக்குச் சொந்தக்காரர் பறக்கும்பூனை. மூன்று மாதத்துக்கு முன்னால் பரீட்சை என்று சொல்லி அப்பா என் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கம்பெனிக்காரர்கள் பீரோவுக்குள் கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். ஒருவருக்கு மாதக்கணக்கில் பதில் வரவில்லையென்றால் வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டாமா? கேஸ் கம்பெனிக்காரர்கூட வந்து கதவைத் தட்டுகிறார்.

நேற்றுதான் குட்டு வெளிப்பட்டது. பேங்க் கேஷியர் அம்மா ஒருவர் எங்களிடம் கார் பழகுகிறார். சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். “சார், நாளைக்கு எத்தனை மணிக்கு கிளாஸ்னு பார்க்க உங்க வெப்சைட்டுக்குப் போனேன். வழுக்கைல முடி வளர்ற எண்ணெய்னு வருதே, புது பிசினஸா?” என்றார். அப்பா கையை எடுத்துத் தலையில் வைத்தார். அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கேஷியர் அம்மா விடவில்லை. “நீங்களே போட்டுப் பார்த்தீங்களா சார்? எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டில் வேணும்.” அப்பா போனை வைத்துவிட்டு, அடுத்த நொடி உங்களைக் கூப்பிட்டார். பத்து மாதத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை, “ஏண்டா, என் தலையைப் பத்தி நீ பேசினதெல்லாம் போதாதா?” உங்களுக்குத் தலை நிறைய முடி இருப்பது அப்பாவுக்கு ஒரு சாட்சியாகிவிட்டது. “நான் என்னண்ணா பண்ணேன்?” என்றீர்கள். “பேரைத் திருடி எண்ணெய் விக்கறியா? உனக்கு வெட்கமா இல்லை?” என்றார். நீங்கள் முதலில் சிரித்தீர்கள். பிறகு “எப்பலேர்ந்து அப்படி வருது?” என்று கேட்டீர்கள். பிறகு ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டீர்கள்.

இதுதான் சித்தப்பா எனக்கு ஆத்திரம். ஏன் பேசாமல் வைத்தீர்கள்? ‘நான் எடுக்கலை’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் மறுக்காததால்தான் “பார்த்தியா, வாயைத் திறக்கலை, குத்தமுள்ள நெஞ்சு” என்று அப்பா வீடு முழுக்க நடந்தார். நாற்பத்தாறு எழுத்துப் பெயரை உலகத்தில் எந்தத் திருடனும் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டான் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். “அதான் சொல்றேன், வெளி ஆளு எடுக்க மாட்டான். வீட்டு ஆளுதான்” என்றார் அப்பா. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அப்பா என்னைக் காட்டி, “இவ எவ்வளவு கஷ்டப்பட்டுப் பதிவு பண்ணிக் கொடுத்தா தெரியுமா? எம்பொண்ணு கையில கொடுத்த வேலை ஒண்ணு தப்பினது உண்டா?” என்றார். அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது? அப்பா அடிக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். வண்டியில் உட்கார வைத்து, எஞ்சினை அணைத்து, கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் பேசுவார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பேசி முடித்ததும் இனி என்னிடம் ஒரு வேலையையும் கொடுக்க மாட்டார், அதைத்தான் தாங்க முடியாது.

இன்று பள்ளியிலும் நிம்மதியில்லை. “உங்கப்பா அந்த எண்ணெயத் தேய்க்க மாட்டாரா?” என்று பின்பெஞ்சிலிருந்து கேட்டார்கள். உங்கள் மகள் எனக்காகச் சண்டைக்குப் போனாள். நாளைக்குப் புகார் போன பிறகு அவள் என்னோடு உட்காருவாளா?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். காலை எட்டரைக்குள் வந்து, ‘ஆமாம் அண்ணா, விளையாட்டுக்கு நான்தான் எடுத்தேன், மன்னிச்சுடு, திருப்பிக் கொடுக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். அப்பா கத்துவார். ஆனால் தம்பி வாசற்படி ஏறி வந்துவிட்டால் அவரால் போலீசுக்குப் போக முடியாது. உங்களுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர் இருக்கிறது, இன்னும் ஒன்று சேர்ந்தால் பாரம் தெரியாது. எனக்கு இருப்பது ஒரே ஒரு நல்ல பெயர். இதைக் கேட்பது நியாயமில்லை என்று எனக்கே தெரிவதால்தான் இவ்வளவு கோபமாகக் கேட்கிறேன்.

சித்தியின் முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் ஸ்கூலில் பழகும் எல்லோரும் முதல் தடவையிலேயே டெஸ்ட் பாஸ் பண்ண வாழ்த்துகள், ஆனால் எங்கள் ஸ்கூல் ஆட்கள் பாஸ் ஆன பிறகு. உங்கள் காலைத் தொட்டு வணங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள், மேசைக்கு அடியில் குனியத்தான் முடிகிறது.

இப்படிக்கு,
கோபத்திலும் பயத்திலும் இருக்கும்,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், பெயரை மீட்கக் கடைசித் தேதி எது என்று உங்களுக்கு எழுதலாம் என நினைத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போட்டேன். நேற்றிலிருந்து அந்த மெயிலைத் திறக்கவே எனக்குத் துணிச்சல் இல்லை. இப்போது திறந்தேன். ‘அன்புள்ள பறக்கும்பூனை அவர்களே’ என்று பதினெட்டுக் கடிதம். அன்பான நினைவூட்டல், அவசரம், கடைசி, இதுவே கடைசி. பெயரை யாரும் திருடவே இல்லை. கெடு முடிந்ததும் கம்பெனிக்காரர்களே அங்கே கண்ட விளம்பரத்தைப் போட்டிருக்கிறார்கள். பதினெட்டாவது கடிதம் நேற்று இரவு ஏழு இருபத்தைந்துக்கு வந்திருக்கிறது. ‘உங்கள் பெயர் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது, வெப்சைட் இரண்டு நாளில் திரும்ப வரும்.’ கீழே, பணம் கட்டியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்.

சித்தப்பா, அப்பா உங்களைத் திருடன் என்று கத்தி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெயர் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கட்டலாமாம். நாற்பத்தாறு எழுத்தையும் தப்பில்லாமல் அடித்திருக்கிறீர்கள். யார் தப்பு என்று தெரிந்துதானே பேசாமல் போனை வைத்தீர்கள்?

மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். காலையில் வர வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். கோபம் என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். இதைச் சித்தியிடம் காட்டினாலும் சரி. நான் அப்பாவிடம் சொல்லப் போகிறேன். காலையில் சொல்கிறேன். இல்லை, இப்போதே எழுப்பிச் சொல்கிறேன், விடிந்தால் எனக்குத் தைரியம் போய்விடும். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை, முதல் வார்த்தை வந்துவிட்டால் மீதி

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். கம்ப்யூட்டர் வெளிச்சம் கதவுக்கு அடியில் தெரிந்திருக்கும். “உள்ள யாரு?” என்கிறார். மறுபடியும் தட்டுகிறார். “யாருன்னு கேட்கிறேன்ல?”

நான்