எடைக் குறைப்புக் குழுவின் கள ஆய்வு

உத்திரமேரூரில் ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே சில நாள் அது மறந்துபோவதுண்டு. அதன் கண்காணிப்பாளர் தாமோதரன், நூற்று நான்கு கிலோ. நல்ல மனுஷன். யாரையும் கடிந்து பேசியதில்லை. பேசினால் மூச்சு வாங்கும்.

ஒரு திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. உடல் எடை மிகுந்த பணியாளர்கள் அனைவரும் ‘பாதுகாப்பானதும் பயனுள்ளதுமான’ எடைக் குறைப்புத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தொண்ணூறு நாட்களுக்குள் இளைத்துவிட வேண்டும். தவறினால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிறுத்தி வைக்கப்படும். தாமோதரன் பட்டியலைத் தேடி எடுத்தார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. ஓய்வு பெறப் பதினான்கு மாதம்தான் பாக்கி.

திட்டத்தைத் தேர்வு செய்ய உடனடியாகக் குழு அமைக்கப்பட்டது. அனுபவத்தின் அடிப்படையில் தாமோதரன் அதன் தலைவரானார். குறிப்பு எழுத இளநிலை உதவியாளர் சுகிர்தா. மேற்பார்வைக்கு மேலதிகாரி வரதன். முதல் கூட்டம் மசால் வடையுடன் இனிதே தொடங்கியது.

“பால்ல கலந்து குடிக்கிற பவுடர் ஒண்ணு கீது சார்,” என்றாள் சுகிர்தா. “எங்க தெருவுல ஒருத்தர் குடிச்சுப் பதினோரு கிலோ எறங்கிட்டாரு.”

“பயனுள்ளதுன்னு எழுதும்மா,” என்றார் வரதன்.

“இப்ப ஆஸ்பத்திரில கீறாரு சார்.”

வரதன் வடையைக் கீழே வைத்து யோசித்தார். “ஆஸ்பத்திரிலதானே? அதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? பாதுகாப்பானதுன்னும் எழுதிக்கோ.”

தாமோதரனுக்கு ஊசி என்றால் பயம் என்பதால் அந்தத் திட்டம் ஒருமனதாகக் கைவிடப்பட்டது. அடுத்து, செல்போனைப் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்துவிடும் நவீன முறை. ஊரெல்லாம் அதுதான் பேச்சு. இரண்டு வாரம் எல்லோரும் இழுத்து விட்டார்கள். இறங்கியது செல்போன் சார்ஜ் மட்டும்தான்.

வரதன் ஜன்னலைக் காட்டினார். வெளியே மனு கொடுக்க வந்தவர்களின் வரிசை. “அங்க பாருய்யா. அத்தனை பேர்ல ஒருத்தராவது குண்டா கீறாங்களா? அவங்க ஏதோ திட்டம் வச்சிருக்காங்க, நம்மகிட்ட சொல்லாம. போய் கள ஆய்வு பண்ணு.”

வரிசையின் முதலில் நின்றவள் சின்னபொண்ணு. ஏரிக்கு அந்தப் பக்கம் பதினெட்டு வீடு. அதற்கு ரோடு கேட்டு அவள் கொடுக்கும் ஆறாவது மனு. அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்க்கப்போகிறார் என்று சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. எதைப் பார்க்க என்று அவளும் கேட்கவில்லை, தாமோதரனும் சொல்லவில்லை.

மறுநாள் தார் ரோடு முடிந்த இடத்தில் ஜீப் நின்றது. அதற்கு மேல் ஏரிக்கரை, முழங்கால் சேறு, மூன்று கிலோமீட்டர். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு தாமோதரன் நடந்தார். சின்னபொண்ணு இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக முன்னால் போய், அவருக்காக நாலு இடத்தில் நின்றாள். தண்ணீர்க் குழாயும் தார் முடிகிற இடத்தில்தான்.

அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மூச்சு திரும்பியதும், அவர் படிவத்தைப் பிரித்தார்.

“காலை உணவு?”

“இருந்தா கஞ்சி சார்.”

“இல்லாவிட்டால்?”

“இல்லாங்காட்டி இல்ல.”

‘இடைவெளி விட்ட உண்ணாநோன்பு’ என்று எழுதினார். பட்டணத்தில் இப்போது அதுதான் மோஸ்தர். “உடற்பயிற்சி?”

“அப்படின்னா இன்னா சார்? நாத்து நடறோம், களை எடுக்கறோம்.”

“எவ்வளவு நேரம்?”

“வெளிச்சம் கீற வரைக்கும்.”

கடைசிப் பத்தி பாதுகாப்பு. “இந்த முறையால யாருக்காவது பாதிப்பு உண்டா?”

அவள் ஏரிக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “போன வருசம் எங்க ஓர்ப்படிக்கு வலி கண்டுச்சு. ஆம்புலன்ஸ் தாரோட நின்னுட்ச்சு. கட்டில்ல வச்சுத் தூக்கினு போனோம். பாதிக் கரையிலயே பொறந்துட்ச்சு சார். ஒண்ணே முக்கா கிலோ.”

தாமோதரன் பேனா நின்றது. அந்தக் கட்டத்தில் அவர் எதுவும் எழுதவில்லை. “ரோடு வந்துடும்மா, நான் பார்த்துக்கறேன்,” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் மறுநாள் காலை எடை பார்த்தார். ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது.

அதன்பின் ஆய்வு தினமும் தொடர்ந்தது. ஒரு மாதத்தில் ஒன்பது கிலோ. செய்தி பரவி வரதன் வந்தார். பக்கத்து அலுவலகங்கள் வந்தன. விடிந்தால் தார் முடியும் இடத்தில் கார்கள் வரிசைகட்டின. வயல் உழ வந்த டிராக்டர் தினம் அரை மணி காத்திருந்தது. பெண்கள் குடத்தோடு ஒதுங்கி நின்று, ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டார்கள்.

எண்பதாவது நாள் ரோடு கோப்பு தாமோதரன் மேஜைக்கு வந்தது. ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதி எடுத்துப் போனார்.

“ரோடு போட்டா நம்ம திட்டம் என்னய்யா ஆவும்?” என்றார் வரதன்.

“சார், அங்க ஒரு குழந்தை ஒண்ணே முக்கா கிலோல...”

“பாத்தியா! பொறக்கும்போதே வேலை செய்யுது. இதைவிடப் பயனுள்ளது ஏது? உன் பதவி உயர்வுக் கோப்பும் இங்கதான் கீது. ரெண்டையும் ஒண்ணா அனுப்பலாமா, தனித்தனியாவா?”

தாமோதரன் நின்றார். பிறகு ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்பதை அடித்து, வேறு எழுதிக் கையெழுத்திட்டார்.

பதிலை வாங்கச் சின்னபொண்ணு வந்தபோது சுகிர்தாதான் படித்துக் காட்டினாள்: “மேற்படி குடியிருப்புக்குச் சாலை அமைத்தால் பயனாளிகளின் உடல் எடை கூடும் அபாயம் உள்ளதாகக் கள ஆய்வில் தெரியவருவதால், மனு நிராகரிக்கப்படுகிறது.”

சின்னபொண்ணு தாமோதரனை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்லா எளைச்சுட்டீங்க சார்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்களை இன்னும் எவ்ளோ எளைக்கச் சொல்லிக் கீது அதுல?”

அந்தக் கேள்விக்குப் படிவம் எதுவும் இல்லை. மேல்முறையீடு செய்ய விரும்பினால் காஞ்சிபுரத்தில் மூன்றாவது மாடி என்றும், லிப்ட் ஓடவில்லை என்றும் சுகிர்தா மெதுவாகச் சொன்னாள். சின்னபொண்ணு புதிய மனு எழுத வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

தாமோதரனுக்குப் பதவி உயர்வு வந்தது. புதிய பொறுப்பில் அவர் வெளியிட்ட முதல் அறிவிப்பு அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் தொங்கியது: ‘எடை குறைய விரும்பும் பொதுமக்கள் ஏதேனும் ஒரு கோரிக்கை மனுவுடன் அணுகவும். பாதுகாப்பானது, பயனுள்ளது.’

அன்றைக்கே வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நீண்டது. அறிவிப்பை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மனு கொடுக்க டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.